காய்ச்சலை அளக்கும் கருவியை யார் துடைப்பது?

காய்ச்சல் என்றால் நம் வீடுகளில் முதலில் நெற்றிக்குப் போவது அம்மாவின் புறங்கை. அதற்கு அடுத்துத்தான் வெப்பமானி. கோவிட் பெருந்தொற்று பரவிய 2020-ஆம் ஆண்டில் பேரங்காடி முதல் கோயில் வாசல் வரை நம் நெற்றிக்கு நேராக வெப்பமானியை நீட்டாத இடமே இல்லை எனலாம். அந்தக் கருவியிடம் நாம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எத்தனை டிகிரி? உடலைத் தொட்டு அளக்கும் கருவியாக இருந்தால் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். அது நமக்கு முன் யாரைத் தொட்டது? தொட்ட பிறகு யாராவது அதைத் துடைத்தார்களா? இக்கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

தமிழ் மொழிக் கழகத்தின் ஆண்டிதழில் கவிதைக்கும் சிறுகதைக்கும் நடுவே மருத்துவக் கருவிக்கு என்ன வேலை என்று வாசகர்கள் எண்ணலாம். நான் புந்தோங்கில் பிறந்து வளர்ந்தவள். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி, இப்போது பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவப் பொறியியல். எங்கள் வட்டாரத்தில் மருத்துவமனையில் வேலை செய்பவர் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தாதியாக இருப்பார், துப்புரவுப் பணியாளராக, அல்லது மருத்துவ வண்டி ஓட்டுநராக இருப்பார். யாரும் இல்லையென்றால், அங்கே படுத்து எழுந்து வந்தவர் ஒருவராவது இருப்பார். ஆகவே, நான் ஆங்கிலத்தில் படித்த ஒன்றை நம் மொழியில் நம்மவர்க்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

வெப்ப உணரி என்றால் என்ன?

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, உடல் வெப்பத்தை அளக்கும் கண்ணாடிக் கருவி ஏறத்தாழ ஓர் அடி நீளம் இருந்தது. ஒருமுறை அளக்க இருபது நிமிடம் வரை பிடித்தது. 1860-களில் தாமஸ் கிளிஃபர்ட் ஆல்பட் என்னும் ஆங்கிலேய மருத்துவர் அதை ஆறு அங்குலமாகச் சுருக்கினார். ஐந்து நிமிடம் போதும் என்ற நிலை வந்தது. நம் தாத்தா பாட்டி காலம் வரை எல்லாரும் அறிந்த பாதரச வெப்பமானி அந்த வழியில் வந்ததுதான்.

பாதரசம் ஒரு நச்சு உலோகம். கொடைக்கானலில் இருந்த இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசக் கழிவுப் பிரச்சினையால் 2001-ஆம் ஆண்டு மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016-ஆம் ஆண்டில்தான். 2017-இல் நடப்புக்கு வந்த மினமாதா உடன்படிக்கை, பாதரச வெப்பமானிகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2020-ஆம் ஆண்டுக்குள் நிறுத்தும்படி உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. இப்படிக் கண்ணாடிக் கருவி விலக, மின்னணுக் கருவி அதன் இடத்தைப் பிடித்தது.

தீவிரச் சிகிச்சைப் பிரிவில் மயங்கிக் கிடக்கும் நோயாளிக்கு மணிக்கு ஒருமுறை வெப்பமானி வைத்து எடுப்பது போதாது. வெப்பநிலை இடைவிடாமல் திரையில் ஓட வேண்டும். அதற்காக உடலில் பொருத்தப்படுவதே வெப்ப உணரி. மருத்துவமனையில் 'புரோப்' என்றால்தான் புரியும். ஒரு நீண்ட மெல்லிய கம்பி. அதன் ஒரு முனையில் சட்டைப் பொத்தானைப் போன்ற சிறு வட்டு அல்லது மொட்டு. மறுமுனையில் இயந்திரத்தில் செருகும் பிளக்கு. இவ்வளவுதான் அது. தோலில் ஒட்டப்படுவது ஒரு வகை. ஆசனவாய் அல்லது உணவுக்குழாய் வழியாக உள்ளே வைக்கப்படுவது இன்னொரு வகை. ஒருவருக்குப் பயன்படுத்தியதும் வீசிவிடுபவை உண்டு. துடைத்துவிட்டு அடுத்தவருக்கும் பயன்படுத்துபவை உண்டு. நாம் பேச வந்தது இந்தக் கடைசி வகையைப் பற்றி.

உணரியின் முனைக்குள் இருப்பது தெர்மிஸ்டர் எனப்படும் ஒரு மின்தடை. சூடு ஏறினால் அதன் தடை குறையும். சூடு இறங்கினால் தடை கூடும். பரவலாகப் பயன்படும் '400 வரிசை' உணரிக்கு 25 டிகிரி செல்சியசில் தடை 2,252 ஓம். 37 டிகிரியில் அது ஏறத்தாழ 1,350 ஓமாக இறங்கிவிடும். இயந்திரம் அந்தத் தடையை அளந்து, அதை டிகிரியாக மாற்றித் திரையில் காட்டுகிறது. இந்தக் கணக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். துடைக்கும் முறை பிழையானால் இந்தக் கணக்கும் பிழையாகும் என்பதைப் பின்னர் காண்போம்.

ஆக்ஸ்ஃபோர்டில் நடந்தது

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனை இருக்கிறது. புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தோடு இணைந்த மருத்துவமனை அது. அதன் நரம்பியல் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் ஒரு புதுக் கிருமி பரவியது. பெயர் கேண்டிடா ஆரிஸ். இது பாக்டீரியாவும் இல்லை, வைரசும் இல்லை. ஒரு வகைப் பூஞ்சை. 'ஆரிஸ்' என்றால் இலத்தீன் மொழியில் காது. 2009-ஆம் ஆண்டு ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுக்கப்பட்ட மாதிரியில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டதால் இந்தப் பெயர்.

இந்தப் பூஞ்சை மருத்துவர்களை அச்சுறுத்துவதற்கு மூன்று காரணங்கள் உள்ளன. முதலாவது, பூஞ்சை நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் ஃப்ளூகோனசோல் போன்ற மருந்துகளுக்கு இது பெரும்பாலும் அடங்குவதில்லை. இரண்டாவது, நோய்க்குறி எதுவும் இல்லாமலேயே ஒருவரின் தோலில் மாதக்கணக்கில் குடியிருக்கும். மூன்றாவது, கட்டில், மேசை, கருவி போன்றவற்றின் மேற்பரப்பிலும் நாட்கணக்கில், வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். இரத்தத்தில் புகுந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

2015-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு வரை அம்மருத்துவமனையில் 70 பேரிடம் இந்தப் பூஞ்சை கண்டறியப்பட்டது. பெரும்பாலோருக்கு அது தோலில் தங்கியதோடு சரி. ஆனால் ஏழு பேருக்கு உடலுக்குள் ஊடுருவிய தொற்றாக மாறியது. அந்த 70 பேரில் 66 பேர், பூஞ்சை கண்டறியப்படுவதற்கு முன்பு அதே நரம்பியல் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள். ஆக, ஊற்று அங்கேதான் இருக்கிறது என்பது தெளிவானது. ஊற்றுக்கண் எது என்பதுதான் புதிர்.

மருத்துவமனை பலவிதமான தடுப்பு நடவடிக்கைகளை மேற்கொண்டது. ஆயினும் புதிய நோயாளிகள் வந்துகொண்டே இருந்தனர். சுற்றுப்புறத்தில் மாதிரி எடுத்துப் பார்த்தபோது அந்தப் பூஞ்சை அரிதாகவே கிடைத்தது. பலருக்கும் மாறி மாறிப் பயன்படுத்தப்பட்ட கருவிகளில் அது கிடைத்தது. குறிப்பாக, நோயாளியின் அக்குளில் வைக்கப்படும் வெப்ப உணரிகள் பலவற்றில் கிடைத்தது. மரபணுவைப் படித்துப் பார்த்தார்கள். கருவிகளில் இருந்ததும் நோயாளிகளிடம் இருந்ததும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்த உணரியைப் பயன்படுத்தியவர்களையும் பயன்படுத்தாதவர்களையும் புள்ளியியல் முறைப்படி ஒப்பிட்டார்கள். பயன்படுத்தியவர்களிடம் தொற்றின் வாய்ப்பு விகிதம் ஏறத்தாழ ஏழு மடங்காக இருந்தது.

இறுதியில் அந்த உணரிகளைப் பிரிவிலிருந்து அகற்றினர். அதன் பிறகுதான் புதிய தொற்றுகள் குறைந்தன. இந்த ஆய்வு 2018-ஆம் ஆண்டு அக்டோபரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளிவந்தது. அக்குளில் செருகும் ஒரு சிறு கம்பி, உலகின் முன்னணி மருத்துவமனை ஒன்றை இரண்டரை ஆண்டுகள் அலைக்கழித்திருக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.

இது எங்கோ குளிர்நாட்டில் நடந்த கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. இந்தியாவில் தில்லி மருத்துவமனைகளிலிருந்து 2013-ஆம் ஆண்டிலேயே இந்தப் பூஞ்சையைப் பற்றிய ஆய்வறிக்கைகள் வந்தன. நம் நாட்டில், சிலாங்கூரில் நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய ஒருவர் இத்தொற்றுக்கு ஆளாகி இறந்தது 2018-ஆம் ஆண்டு மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. 2022-ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் முதன்முறையாக ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலை வெளியிட்டபோது, கேண்டிடா ஆரிசை மிக உயர்ந்த பிரிவில் வைத்தது.

ஏன் கண்ணில் படவில்லை?

மருத்துவக் கருவிகளை எந்த அளவுக்குத் தூய்மை செய்ய வேண்டும் என்பதற்கு உலகம் முழுவதும் ஓர் அளவுகோல் பின்பற்றப்படுகிறது. ஏர்ல் ஸ்பால்டிங் என்னும் அமெரிக்க அறிஞர் 1950-களில் வகுத்துத் தந்தது அது. கருவி உடலின் எந்தப் பகுதியைத் தொடுகிறது என்பதை வைத்து அவர் மூன்று வகை பிரித்தார்.

முதல் வகை, இரத்தத்திலும் திசுக்களிலும் புகும் கருவிகள். அறுவைக் கத்தி ஓர் எடுத்துக்காட்டு. இவற்றில் ஒரு கிருமிகூட உயிரோடு இருக்கக்கூடாது. இரண்டாம் வகை, வாய், உணவுக்குழாய், ஆசனவாய் போன்ற ஈரமான மென்சவ்வுகளைத் தொடும் கருவிகள். இவற்றுக்கு உயர்நிலைத் தொற்றுநீக்கம் தேவை. மூன்றாம் வகை, காயமில்லாத தோலை மட்டும் தொடும் கருவிகள். இரத்த அழுத்தப் பட்டையும் தோல் வெப்ப உணரியும் இதில் அடங்கும். தோல் ஒரு நல்ல அரண். ஆகையால் துடைத்துத் தொற்றுநீக்கினால் போதும் என்பது விதி.

விதியில் பிழையில்லை. அதை நாம் புரிந்துகொண்ட விதத்தில்தான் கோளாறு. 'துடைத்தால் போதும்' என்பது நாளடைவில் 'துடைக்காவிட்டாலும் பெரிதாக ஒன்றுமில்லை' என்றாகிவிடுகிறது. கத்தியைப் பார்த்தால் பயம் வருகிறது. கம்பியைப் பார்த்தால் வருவதில்லை. அக்குளோ வியர்வையும் வெதுவெதுப்பும் நிறைந்த இடம்; தோலில் வாழும் கிருமிகளுக்குச் சொந்த வீடு மாதிரி. அங்கே மணிக்கணக்கில் கிடக்கும் கம்பி, அந்த வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போடப்பட்ட பாலமாகிவிடுகிறது.

உறை போட்டால் பயமில்லை என்று சொல்வாரும் உண்டு. 1992-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. ஒரு தீவிரச் சிகிச்சைப் பிரிவில் ஒன்பது நோயாளிகளுக்கு, வான்கோமைசின் என்ற வலிமையான மருந்துக்கும் அடங்காத பாக்டீரியா தொற்றியது. அதைச் சுமந்து சென்றது ஆசனவாயில் வைத்து அளக்கும் மின்னணு வெப்பமானியின் கைப்பிடி. உறை முனையை மட்டுமே மூடுகிறது. கைப்பிடியைப் பிடித்த கை அடுத்த நோயாளியிடம் போகிறது. ஆகவே, துடைப்பது என்றால் முனையிலிருந்து பிளக்கு வரை முழுக் கம்பியையும் துடைப்பது என்றுதான் பொருள்.

யாருடைய வேலை?

எங்கள் அத்தை ஒருவர் மருத்துவமனைத் துப்புரவுப் பணியில் பல ஆண்டுகள் இருப்பவர். இந்தக் கட்டுரைக்காக அவரிடம் கேட்டேன். "நாங்க கட்டில் தொடைப்போம், மேசை தொடைப்போம், தரை கழுவுவோம். மெஷினு ஒயருல மட்டும் கை வைக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. அது மிஸ்ஸிங்க பார்த்துக்குவாங்கம்மா" என்றார்.

அவர் சொன்னது நியாயமே. ஈரத்துணியோடு மின்கருவியைத் தொட வேண்டாம் என்று அவருக்குச் சொல்லியிருப்பது அவருடைய நன்மைக்காகவும்தான். தாதியிடம் கேட்டால், ஒரே வேளையில் மருந்து, ஊசி, குறிப்பேடு, புதிதாக வரும் நோயாளி என்று அவர் கையில் பத்து வேலை. தொழில்நுட்பரிடம் கேட்டால், கருவி சரியாக அளக்கிறதா என்று பார்ப்பதே அவர் பொறுப்பு. நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் துப்புரவும் கருவிப் பராமரிப்பும் 1990-களின் பிற்பகுதியில் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. ஒவ்வொருவர் வேலையும் ஒப்பந்தத்தில் வரி வரியாக எழுதப்பட்டிருக்கும். இப்படி மூவர் மூன்று எல்லைக்குள் வேலை செய்யும்போது, எல்லைக்கோட்டின் மேலேயே ஒரு பொருள் கிடந்தால் அது யாருக்கும் சொந்தமில்லாமல் போகும்.

தொழிற்பயிற்சியின்போது ஒரு மருத்துவமனையில் இதை நேரில் கண்டேன். நோயாளி வீடு திரும்பிவிட்டார். கட்டில் பளபளவென்று துடைக்கப்பட்டிருந்தது. விரிப்பு புதிது. கட்டிலருகே இருந்த இயந்திரத்தின் கொக்கியில் உணரியின் கம்பி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய நோயாளிக்கு ஒட்டிய ஒட்டுநாடாவின் பசை அதன் முனையில் கறுத்துப் படிந்திருந்தது. யாரும் சோம்பேறியாக இருந்ததால் அது நேரவில்லை. அதைத் துடைப்பது இன்னாருடைய வேலை என்று எங்கும் எழுதப்படாததால் நேர்ந்தது. ஒரு தாளில் 'வெப்ப உணரி, ஒவ்வொரு நோயாளிக்கும் பிறகு, இன்னாருடைய பொறுப்பு' என்று ஒரு வரி எழுதி மாட்டுவதற்குச் செலவே இல்லை. என் பார்வையில், எந்த விலையுயர்ந்த மருந்துநீரையும்விட அந்த ஒரு வரிக்குப் பயன் அதிகம்.

எப்படித் துடைப்பது?

உணரியைத் தூய்மை செய்வதில் வரிசை முக்கியம். வரிசை மாறினால் உழைப்பு வீண்.

1. முதலில் தயாரிப்பாளரின் கையேட்டைப் படிக்க வேண்டும். எந்த மருந்துநீர் தாங்கும், எத்தனை முறை வரை பயன்படுத்தலாம், எதில் நனைக்கக்கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். 'ஒருமுறை மட்டும்' என்று எழுதியிருந்தால், எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் அதை மறுபடி பயன்படுத்தக்கூடாது. '2' என்ற எண்ணின் மேல் குறுக்குக்கோடு போட்ட வட்டக் குறிக்கும் இதே பொருள்தான்.

2. பயன்படுத்தி முடித்தவுடன் துடைக்க வேண்டும். வியர்வையும் பசையும் காய்ந்துவிட்டால் எடுப்பது கடினம். கையுறை அணிந்து, பிளக்கைப் பிடித்து இயந்திரத்திலிருந்து கழற்ற வேண்டும். கம்பியைப் பிடித்து இழுக்கக்கூடாது.

3. அழுக்கை நீக்குவது முதல் வேலை. மிதமான சோப்புநீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பசை, வியர்வை, தோல் துகள் எல்லாவற்றையும் துடைத்தெடுக்க வேண்டும். அழுக்கு படிந்திருந்தால் அது கிருமிக்குக் கூரை போலாகும். மேலே எந்த மருந்துநீர் ஊற்றினாலும் கூரைக்குக் கீழே இருப்பது தப்பிவிடும்.

4. அதன் பிறகே தொற்றுநீக்கம். இங்கே பலரும் மறப்பது நேரம். ஒவ்வொரு தொற்றுநீக்கிக்கும் மேற்பரப்பு ஈரமாகவே இருக்க வேண்டிய நேரம் ஒன்று உண்டு. அது குப்பியில் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு நிமிடமும் இருக்கலாம், பத்து நிமிடமும் இருக்கலாம். ஒரே இழுப்பில் துடைத்துவிட்டுக் காயவிட்டால் கிருமி சாவதில்லை. நனைந்து எழுந்திருக்கும், அவ்வளவுதான்.

5. மருந்துநீரைக் கிருமிக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். 70 விழுக்காடு ஆல்கஹால் பல கிருமிகளைக் கொல்லும். தண்ணீர் கலந்திருப்பதால்தான் அது கிருமியின் புரதத்தை நன்கு சிதைக்கிறது. கலப்பில்லாத ஆல்கஹாலுக்கு அந்த ஆற்றல் குறைவு. ஆயினும் குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் போன்ற பாக்டீரியாவின் வித்துகளை ஆல்கஹால் எதுவும் செய்யாது. அதற்குக் குளோரின் போன்ற வித்துக்கொல்லி வேண்டும். நான்கிணைய அம்மோனியம் என்னும் வேதிப்பொருளை மட்டும் நம்பியுள்ள துடைப்புத்தாள்கள் கேண்டிடா ஆரிசை நம்பகமாகக் கொல்வதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே தாள் என்ற பழக்கம் இதனால்தான் ஆபத்தானது.

6. பிளக்கை எந்த நீரிலும் முக்கக்கூடாது. ஊசிகளுக்கு நடுவே ஈரம் தங்கினால் அளவு பிசகும். நாளடைவில் துருவும் பிடிக்கும்.

7. துடைத்த மருந்துநீரின் எச்சம் நோயாளியின் தோலை அரிக்காதபடி, கையேடு சொன்னால், தூய நீரில் நனைத்த துணியால் மீண்டும் ஒருமுறை துடைக்க வேண்டும். பிறகு நன்கு உலர்த்த வேண்டும். ஈரம் கிருமிக்கு நண்பன்.

8. காய்ந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். வெடிப்பு, வெளுப்பு, விறைப்பு, பிரிந்த உறை ஏதேனும் தெரிந்தால் அதை ஒதுக்கிவிட வேண்டும். வெடிப்புக்குள் புகுந்த கிருமியைத் துணி எட்டாது.

9. தளர்வாகச் சுருட்டி, மூடிய தூய பையில் வைக்க வேண்டும். இயந்திரத்தின் மீது தொங்கவிடுவதால், துடைத்ததும் துடைக்காததும் ஒன்றாகிவிடுகின்றன.

ஆசனவாய், உணவுக்குழாய் உணரிகளுக்கு இந்த அளவு போதாது. அவை இரண்டாம் வகை என்பதால் உயர்நிலைத் தொற்றுநீக்கம் அவசியம். நீராவிக் கொதிகலனில் 121 அல்லது 134 டிகிரியில் வைக்கலாமா என்பதைக் கையேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தாங்காத உணரியை அதில் வைத்தால் கிருமியோடு கருவியும் சாகும்.

கிருமி போனால் மட்டும் போதுமா?

முன்பு சொன்ன மின்தடைக் கணக்குக்கு இப்போது வருவோம். உடல் வெப்பநிலையை ஒட்டி, ஒரு டிகிரி மாற்றத்துக்கு உணரியின் தடை ஏறத்தாழ 55 ஓம் மட்டுமே மாறுகிறது. கம்பியின் உறையில் மயிரிழை அளவு வெடிப்பு விழுந்து, துடைக்கும் ஈரம் உள்ளே புகுந்தால் மின்சாரத்துக்கு ஒரு கள்ளவழி கிடைக்கிறது. மொத்தத் தடை குறைகிறது. தடை குறைந்தால் இயந்திரம் என்ன நினைக்கும்? சூடு கூடிவிட்டது என்று நினைக்கும்.

இதன் விளைவைக் குறைமாதக் குழந்தையிடம் பார்க்கலாம். இன்குபேட்டர் எனப்படும் கண்ணாடிப் பெட்டி, குழந்தையின் தோலில் ஒட்டிய உணரியைக் கேட்டுத்தான் தன் சூட்டைக் கூட்டும், குறைக்கும். ஈரம் புகுந்த உணரி, குழந்தை சூடாக இருக்கிறது என்று பொய் சொன்னால் பெட்டி சூட்டைக் குறைத்துவிடும். உள்ளே ஒரு கிலோவோ ஒன்றரைக் கிலோவோ உள்ள பிஞ்சு குளிர்ந்துபோகும். மாறாக, உணரி தோலிலிருந்து கழன்று காற்றில் கிடந்தால், குழந்தை குளிர்ந்துவிட்டது என்று பெட்டி எண்ணிச் சூட்டை ஏற்றிக்கொண்டே போகும். பிறந்த குழந்தையின் இயல்பான வெப்பநிலை 36.5 முதல் 37.5 டிகிரி வரை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. எவ்வளவு குறுகிய வரப்பு என்று பாருங்கள். ஆகவே உணரியை எலும்பின் மேல் வைக்காமல், பெரும்பாலும் வலப்பக்க மேல்வயிற்றில் வைக்கிறார்கள். குழந்தை அதன் மேல் படுத்துவிடாமலும் பார்த்துக்கொள்கிறார்கள். ஒட்டியிருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்க்கிறார்கள். எடுக்கும்போது மெல்லிய தோல் உரிந்துவிடாதபடி மெதுவாக எடுக்கிறார்கள்.

ஆகவே நன்றாகத் துடைத்தால் மட்டும் போதாது. முரட்டுத்தனமாகத் துடைப்பதும் தீங்கே. கடும் வேதிநீர் சில பிளாஸ்டிக் உறைகளை விறைக்கச் செய்து வெடிக்க வைக்கும். கிருமியைக் கொல்லும் ஆர்வத்தில் கருவியைக் கொன்றுவிட்டால், அது கொடுக்கும் பொய்யான எண்ணை நம்பி மருத்துவர் முடிவெடுப்பார். தூய்மையும் துல்லியமும் ஒன்றாகப் போக வேண்டும் என்பதைத்தான் இத்துறை எனக்குக் கற்றுக்கொடுத்தது.

நம் வீட்டு வெப்பமானி

தீவிரச் சிகிச்சைப் பிரிவு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை; வாய்க்கவும் வேண்டாம். ஆனால் முனையைத் தொட்டு அளக்கும் சிறு மின்னணு வெப்பமானி நம் வீடுகளில் பெரும்பாலும் இருக்கிறது. புந்தோங்கின் நெருக்கமான வீட்டு வரிசைகளில் அது ஒரு வீட்டுக்கு மட்டும் சொந்தமாக இருப்பதில்லை. "அக்கா, உங்க தெர்மாமீட்டர் கொடுங்களேன், தம்பிக்குச் சுடுது" என்று வேலிக்கு மேலே கை நீளும். கொடுப்பது நல்ல குணம். அதோடு நாம் இவற்றையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

பயன்படுத்தும் முன்னும் பின்னும் முனையைச் சோப்பு போட்டுக் குளிர்ந்த நீரில் கழுவி, ஆல்கஹால் பஞ்சால் துடைத்துக் காயவிட வேண்டும். கொதிநீரில் போடக்கூடாது. நீர்புகாத வகை என்று எழுதியிருந்தாலன்றி முழுக் கருவியையும் நீரில் முக்கக்கூடாது. ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் வெப்பமானியை வாய்க்குப் பயன்படுத்தவே கூடாது. அதற்கெனத் தனியாக ஒன்று வாங்கிப் பெயர் எழுதி ஒட்டிவிடுவது நல்லது. காதில் வைத்துப் பார்க்கும் கருவிக்கு ஒவ்வொருவருக்கும் புது உறை மாட்ட வேண்டும். தொடாமல் பார்க்கும் கருவியின் கண்ணாடிக் கண்ணில் தூசி படிந்தால் அளவு குறையும். சூடான தே தாரேக் குடித்தவுடன் வாயில் வைத்துப் பார்த்தால் வருவது தேநீரின் காய்ச்சல். அரைமணி நேரம் பொறுத்துப் பார்க்கலாம். அக்குளில் எடுக்கும் அளவு வாயில் எடுப்பதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். எங்கே வைத்து எடுத்தோம் என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

டிங்கிக் காய்ச்சல் அடிக்கடி வரும் நம் ஊரில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். டிங்கியில் ஆபத்தான கட்டம், காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே, பெரும்பாலும் சூடு இறங்கும் வேளையில்தான் தொடங்குகிறது. வெப்பமானி 37 காட்டுகிறது என்று நிம்மதி அடைந்துவிடாமல், வயிற்றுவலி, விடாத வாந்தி, இரத்தக் கசிவு, கடும் சோர்வு இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். எண் ஒரு சான்று மட்டுமே. நோயாளியையும் பார்க்க வேண்டும்.

முடிவாக

நம் நாட்டில் மருத்துவக் கருவிகளுக்கென 2012-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மருத்துவமனைகளில் தொற்றுத் தடுப்புக் குழுக்கள் இருக்கின்றன. கையேடுகள் இருக்கின்றன. இவையெல்லாம் இருந்தும், கட்டிலருகே தொங்கும் கம்பி யார் கையில் என்ற கேள்விக்கு ஒவ்வொரு பிரிவும் தனக்குத்தானே பதில் எழுதிக்கொள்ள வேண்டும். நம் சமூகத்தில் தாதியர் இருக்கிறார்கள், துப்புரவுப் பணியாளர் இருக்கிறார்கள், என்னைப்போல் கருவிகளைப் படிக்கும் மாணவர்களும் இருக்கிறோம். ஒரே வீட்டின் உணவு மேசையில் இந்த மூவரும் உட்காரும் குடும்பங்களும் உண்டு. பணியிடத்தில் பேசாததை அந்த மேசையிலாவது பேசலாமே.

நாளை உங்கள் உறவினர் யாரேனும் மருத்துவமனையில் இருந்தால், கம்பியை ஒட்ட வரும் தாதியிடம் பணிவாகக் கேளுங்கள்: "மிஸ்ஸி, இது துடைச்சதுதானே?" கோபப்பட மாட்டார். "ஆமாம்" என்றால் நன்றி சொல்லுங்கள். சற்றுத் தயங்கினால், அவர் அதைத் துடைத்து முடிக்கும்வரை காத்திருங்கள். அந்தச் சில நிமிடங்கள் நோயாளிக்கும் நல்லது. அவருக்குப் பிறகு அதே கட்டிலுக்கு வரப்போகும், நமக்கு முகம் தெரியாத ஒருவருக்கும் நல்லது.